பேச்சு நீக்கிய பிரதி

வடிவின் வலது காதுத் தோடு அன்று காலையும் வழக்கம்போல் அடம் பிடித்தது.

மணி ஆறரை. ஆபரேஷனுக்கு முந்தைய அறையில், பச்சைக் கவுனோடு கட்டில் ஓரமாக உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுத்திருந்தாள். இடது தோடு இரண்டு திருகில் கையோடு வந்துவிட்டது. வலது தோட்டின் திருகாணி அப்படியில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அதைக் கழற்ற ஒரு முறை உண்டு. தையல் நூலைத் திருகாணியின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கையால் மெல்ல இழுக்க வேண்டும். அவள் கணவர் ஆவுடையப்பன் இழுத்துக்கொண்டிருந்தார்.

“மெல்ல. காதோட கழட்டிராதீங்க. அதுக்கு இன்னைக்குத்தான் வேலையே.”

“பேசாம இரு. நீ பேசினா தாடை ஆடுது, தாடை ஆடினா காது ஆடுது.” நூலைக் கடித்திருந்ததால் அவருடைய பேச்சு பாதி மூக்கால் வந்தது.

“தலைக்குள்ள கரகரன்னு கேக்கு. எலி சுரண்டுத மாதிரி.”

திருகாணி மூன்றாவது இழுப்பில் அசைந்தது. இரண்டு தோடுகளையும் திருகாணிகளையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்.

“சாயங்காலம் முழிச்சதும் மாட்டி விட்டுருங்க. இடதோடதை வலதுல வைக்காதீங்க, சேராது.”

“இருபது வருசமா நான்தானே கழட்டுதேன். எனக்குத் தெரியாதா?”

அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்த கடைசிச் சாதாரணமான காரியம் அதுதான். மாலையில் வடிவு விழிக்கவில்லை. மறுநாளும் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் குழாய்களை எடுத்துவிட்டார்கள்.

கேள்வியகம் என்று பெயர்ப்பலகை போட்ட அந்த மருத்துவமனையைத் திருநெல்வேலிப் பக்கத்தில் எல்லாரும் காதாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் அறுவை சிகிச்சை பயில வடக்கிலிருந்தெல்லாம் மருத்துவர்கள் வந்தார்கள். வடிவு அங்கே தியேட்டர் சிஸ்டர். இருபத்திரண்டு வருடம், தலைமை மருத்துவர் தளவாயின் கையில் கருவிகளை எடுத்துக் கொடுத்தவள். ஆவுடையப்பனுக்குக் கீழ்த்தளத்துப் பட்டறையில் வேலை. காது கேட்கும் கருவி பொருத்த வருகிறவர்களின் காதுக்குள் பசையை ஊற்றி அச்சு எடுப்பார். தளவாயும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆள் இருக்கும்போது சார், ஆள் இல்லாதபோது தளவா.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் தளவாய்தான். ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் பட்டறைக்கே வந்து, தலைமுடி கனத்தில் ஒரு கம்பியைக் காட்டினார்.

“மயக்க மருந்து மூளைக்குத்தாண்டே. காதுக்குத் தூக்கம் கிடையாது. ஆளு கட்டையாக் கெடந்தாலும் காது கேட்டு மேல அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். மேல வாங்கத்தான் ஆள் இல்ல. நாம அந்த நரம்புல ஓடுததைப் பிடிச்சு மறுபடி சத்தமா மாத்துதோம்.”

“மாத்தி?”

“பிள்ளைகளுக்குப் பாடம். காதுக்குப் பின்னால கட்டி எடுக்கும்போது கை நரம்புல அழுந்தினா இந்தச் சத்தம் மங்கும். கை விலகினா தெளியும். எந்தக் கை எப்பம் அழுந்துச்சுன்னு எந்தப் புஸ்தகமும் சொல்லாது, இது சொல்லும். இனிமே ஒரு பிள்ளை நூறு காதைக் கேட்டு முடிச்சிட்டுத்தான் நிஜத் தலையைத் தொடணும்.”

“நல்ல காரியம்தான். எனக்கென்ன இதுல?”

“தியேட்டர்ல நாங்க பேசுதது எல்லாமே அதுல விழுமே. பேஷண்ட் பேரு, சண்டை, கேலி. அது வெளிய போகலாமா? சத்தத்தை விட்டுட்டுப் பேச்சை மட்டும் வெட்டித் தர ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்.”

அதற்குச் செவிச்சுவடு என்று பெயர் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய அறையிலேயே கம்பியைக் காதுக்குள் பொருத்திப் பதிவை ஓடவிடுவார்கள். கோப்புகள் சனிக்கிழமைதோறும் பட்டறைக் கணினிக்கு வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். வேலைக்கு ஒரே ஒரு விதி: கேட்கக் கூடாது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்து வெட்ட வேண்டும். ஆவுடையப்பனுக்குச் சீக்கிரமே கண் பழகிவிட்டது. எலும்பைக் குடையும் டிரில் மதிற்சுவர் மாதிரித் தெரியும். உறிஞ்சுகுழாய் புல்தரை மாதிரி. பேச்சு மட்டும் குட்டிக் குட்டி மலைகளாக எழுந்து விழும். மலைகளை வெட்டிவிட்டு ‘ஒப்படை’ என்ற பொத்தானை அழுத்தினால் பேச்சு நீக்கிய பிரதி வகுப்புக்குப் போகும். மூலம் அந்த நொடியே அழிந்துவிடும். நானூற்றுச் சொச்சம் கோப்புகளில் ஒரு சொல்லையும் அவர் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வடிவுக்கு வலது காதில் தொலைபேசி மந்தமாகக் கேட்க ஆரம்பித்து, கேட்கும் நரம்பில் கட்டி என்று படத்தில் தெரிந்தபோது, ஆவுடையப்பன் தளவாயின் அறைக்குப் போனார்.

“நீயே பண்ணணும் தளவா. படிக்கிற பிள்ளைக யாரும் கை வைக்கக் கூடாது.”

“வடிவு தலையை வேற யாருக்குடே குடுப்பேன்?”

“அப்படி இல்ல. வாக்காச் சொல்லு.”

தளவாய் இடது கையை நீட்டி இவர் கையைப் பிடித்து, “வாக்கு” என்றார். வலது கை மேசைக்குக் கீழே இருந்தது. அதை ஆவுடையப்பன் அன்று கவனிக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் தளவாய் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே அழுதார்.

“அஞ்சே நிமிசம் ஆவுடை. ஒரு அவசரம்னு பக்கத்துத் தியேட்டருக்குப் போனேன். அந்த அஞ்சு நிமிசத்துல ஜெனோவா கை வச்சிட்டு. நான் வாரதுக்குள்ள ரத்தக்குழாய் போயிட்டு.”

ஜெனோவா இறுதியாண்டுப் பயிற்சி மருத்துவர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. வடிவு வாரத்தில் மூன்று நாளாவது அவளைப் பற்றிப் பேசுவாள். ‘அந்தப் பிள்ளை கை வைக்கது பாத்தா பூக்கட்டுத மாதிரி இருக்கும்’ என்பாள். அப்படிப்பட்டவள் சாவுக்கு வந்தும் இவர் பக்கத்தில் வரவில்லை. தெருமுனையில் நின்றுவிட்டுப் போய்விட்டாள். குற்றமுள்ளவள் அப்படித்தான் நிற்பாள் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார்.

தளவாயை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவித் தேற்றியவர் இவர். தளவாய் கொண்டுவந்த புகார்த் தாளை முழுவதும் படிக்காமலே கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். அவள் இனி ஒருநாளும் கத்தி பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். மருத்துவக் கழகம் அடுத்த மாதக் கடைசித் திங்களில் விசாரணை வைத்தது. ஜெனோவா மறுத்து ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை என்று சொன்னார்கள்.

ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பினார். அவர் இல்லாத வாரங்களின் சனிக்கிழமைக் கோப்புகள் எல்லாம் வரிசையில் காத்திருந்தன.

முதல் கோப்பைத் திறந்தார். ஆரம்பத்தில் எப்போதும் அறை இரைச்சல் சமதரையாக ஓடும். இதில் அப்படி இல்லை. இதுவரை பார்த்திராத ஒரு உருவம். முள் முள்ளாக, மூன்று முள், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று முள். நடுநடுவே இரண்டு விதமான மலைகள். ஒன்று மெல்லியது, ஒன்று பாதி உயரத்திலேயே அமுங்கியது. மூக்கால் பேசுகிறவனின் மலை அப்படித்தான் அமுங்கும்.

அவர் கை தானாகப் போய் ஒலிபெருக்கியைத் திறந்தது.

கரகரவென்று சத்தம் அறையை நிறைத்தது. பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப்போல, ஆனால் மிக அருகில்: “மெல்ல. காதோட கழட்டிராதீங்க.”

ஆவுடையப்பன் எழுந்துபோய்ப் பட்டறைக் கதவை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்து வந்தது அவருடைய குரல். அவருக்கே பழக்கமில்லாத ஒரு மெத்தென்ற குரல். இத்தனை வருடமும் வடிவுக்கு அவர் இப்படித்தான் கேட்டிருக்கிறார்.

இறந்துபோனவளின் கோப்பை யார் அனுப்பினார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. யாரும் அனுப்பவில்லை. எண்ணாக இருந்தது, வரிசையில் வந்துவிட்டது. விசாரணைக்கும் இதை யாரும் கேட்கவில்லை, மறைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. செவிச்சுவடு என்றால் பேச்சில்லாத பாடம். ஆறு வருடமாகப் பேச்சு நீக்கிய பிரதியையே கேட்டுப் பழகியவர்களுக்கு, மூலத்தில் பேச்சு இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. தளவாய்க்கும்தான்.

சக்கரங்கள் உருண்டன. ஒரு கதவு. பிறகு வடிவு, ரகசியமாக.

“டாக்டரம்மா, பயமா இருக்கா?”

“எனக்கில்ல அக்கா. உங்க வீட்டுக்காரரை நெனச்சாத்தான். வெளிய உக்காந்திருக்காங்க. சார்தான் பண்ணுதாங்கன்னு நம்பிக்கிட்டு.”

“நம்பட்டும். அவுகளுக்குத் தளவாய் சார்னா சாமி. அந்தச் சாமிக்குக் கை நடுங்குதுன்னு நான் எப்படிச் சொல்ல? எட்டு மாசமாச்சு. மடிச்ச துண்டை அடியில குடுத்து, மணிக்கட்டை நான் தாங்கிப் பிடிச்சாத்தான் அந்தக் கை நிக்குது. இன்னைக்கு நான் மேசையில படுத்துட்டா யாரு பிடிப்பா?”

“சார் ஒத்துக்கிட்டாங்களா?”

“நேத்தே பேசிட்டேன். நீங்கதான் முழுக்கப் பண்ணணும், அவர் பக்கத்துல நிக்கட்டும். ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மட்டும் இது தெரியப்படாது. ஒரு நாளும். சத்தியம் பண்ணுங்க.”

“அக்கா…”

“பண்ணுங்க டாக்டரம்மா.”

ஆவுடையப்பன் அந்த இடத்தில் நிறுத்தினார். மேசைமேல் பாதி வெட்டிய காது அச்சு ஒன்று கிடந்தது. அதை எடுத்து உருட்டினார். எட்டு மாதம். எட்டு மாதமாக ஒவ்வொரு இரவும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். ரசத்தில் உப்புக் குறைந்தால் சொல்லுகிறவள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்று சொல்லுகிறவள். தியேட்டர் முழுக்கத் தெரிந்த ஒன்றை இவரிடம் மட்டும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. எட்டு மாதமாக அந்தக் கைக்கு அடியில் மற்றவர்களின் தலை இருந்திருக்கிறது. அவர்களுக்குத் துண்டை மடித்துக் கொடுத்திருக்கிறாள். தன் தலை என்று வந்தபோது மட்டும் ஜெனோவாவைக் கேட்டிருக்கிறாள்.

மறுபடி ஓடவிட்டார். டிரில்லின் மதிற்சுவர் நீண்ட நேரம் ஓடியது. இடையிடையே ஜெனோவாவின் குரல், யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே: “அக்கா, நல்லா கேக்கு உங்களுக்கு. தெளிவா இருக்கு. இன்னும் கொஞ்சம்.” மூன்று மணி நேரம். சத்தம் ஒரு தடவைகூட மங்கவில்லை. நானூறு கோப்புகளைப் பார்த்த கண் அவருக்கு. இவ்வளவு சமமான தரையை அவர் பார்த்ததில்லை.

பிறகு தளவாய்.

“எவ்வளவு மிச்சம்?”

“பட்டாணி அளவு சார். ரத்தக்குழாயோட ஒட்டிக் கெடக்கு. அதை அப்படியே விட்டுரலாம்னு பாக்கேன்.”

“நகரும்மா.”

“சார், அக்கா சொன்னது…”

“அவ சொன்னது இருக்கட்டும். அவ புருசன் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான். வாக்கு குடுத்திருக்கேன். நான்தான் பண்ணேன்னு அவன் முகத்தைப் பாத்துச் சொல்லணும்லா? கடைசித் துண்டையாவது என் கையால எடுத்தாத்தானே அது பொய்யில்லாம இருக்கும். நகரு.”

முக்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

சத்தம் மங்கியது. தெளிந்தது. மங்கியது, தெளிந்தது. கொதிக்கிற உலையின் மூடி மாதிரி வேகமாக, சிறிதாக. நடுக்கத்துக்கும் ஒரு உருவம் உண்டு என்று ஆவுடையப்பன் அன்று தெரிந்துகொண்டார்.

“துண்டு,” என்றார் தளவாய். “யாராவது துண்டு குடுங்க. இங்க, இங்க பிடி.”

தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவள் மேசைமேல் கிடந்தாள்.

அதன்பின் அந்த நரம்பு எதையும் அனுப்பவில்லை; கோடு நேராக ஓடியது. கோப்பில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் அதையும் கடைசி வரை பார்த்தார். அதில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

‘ஒப்படை’யை அழுத்தவில்லை. அந்த வேலைக்கு வந்தபின் முதல் முறையாகக் கோப்பு ஒன்றை முழுசாகப் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

தளவாய் தனியாக இருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“வாடே. சாப்பிட்டியா?”

“வடிவு காதுல நீங்க பேசினது விழுந்திருக்கு சார்.”

ஆள் இல்லாத அறையில் ஆவுடையப்பன் தன்னைச் சார் என்று அழைத்தது தளவாய்க்கு முதலில் எட்டியது. மற்றது எட்டக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு அவர் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகும் அது நிற்கவில்லை.

“முழுக்கக் கேட்டியா?”

“முழுக்க.”

“அப்பம் உனக்கே தெரியுமே. நான் யாருக்காக உள்ள போனேன்? உனக்காகத்தான். வாக்கு வாங்கினது நீ. பிடிவாதமா, கையைப் பிடிச்சு. நீ மட்டும் அன்னைக்கு வந்து கேக்காம இருந்திருந்தா, அந்தப் பிள்ளை பட்டாணியை விட்டுட்டு மூடியிருக்கும். வடிவு இன்னைக்கு டூட்டிக்கு வந்திருப்பா.”

படியேறி வரும்போது ஆவுடையப்பனே தனக்குச் சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைகள்தான் அவை. வேறொருவன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அதில் எங்கே ஓட்டை என்று தெரிந்தது.

“சரி. நான்தான் வாக்கு வாங்கினேன். நடுங்குத கையை வச்சுக்கிட்டு அதைக் குடுத்தது யாரு?”

“ஆவுடை…”

“அந்தப் பிள்ளை மேல ஏன் போட்டீங்க?”

“அவளுக்கு முப்பது வயசு. நாலு வருசம் கழிச்சு கத்தி பிடிக்காத வேற வைத்தியம் ஏதாவது ஆரம்பிச்சுக்கிடுவா. நான் போனா இந்த இடமே போயிரும். நூறு பிள்ளைக படிக்காங்க.” தளவாய் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணும் யோசிச்சுக்கோ. அதை நீ வெளிய எடுத்தா என் பேரு மட்டுமா வரும்? எட்டு மாசம் என் மணிக்கட்டைப் பிடிச்சது யாரு? கீழ காரிடார்ல அவ படத்துக்கு மாலை போட்டிருக்காங்க. சிறந்த செவிலின்னு எழுதியிருக்கு. அதுவும்லாடே போயிரும்.”

“போகட்டும்னு சொல்ல வரல. போயிருமேன்னுதான் நானும் பயந்துக்கிட்டு வந்தேன்.”

“அப்பம் வெட்டிரு. நீ வெட்டாததா?”

நீ வெட்டாததா. ஆவுடையப்பன் அந்த இரண்டு சொற்களோடு ஒன்பது நாள் இருந்தார். வெட்டினால் வடிவின் பேர் நிற்கும், ஜெனோவாவின் வாழ்க்கை போகும். வெட்டாவிட்டால் இறந்தவளை அவரே ஊரார் முன் நிறுத்த வேண்டும். வடிவு மேல் அவருக்குக் கோபம் இருந்தது. கோபத்தில் எடுத்த முடிவாகிவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது. கோபம் ஆறட்டும் என்று காத்துப் பார்த்தார். ஆறவில்லை.

விசாரணை நாளில் கழக அலுவலகத்தின் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. ஜெனோவா அதன் ஓரத்தில், மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்தாள்.

“இருங்கம்மா.”

“பரவால்ல அண்ணாச்சி.”

“நீங்க ஏம்மா ஒரு வார்த்தை மறுத்து எழுதல?”

அவள் தரையைப் பார்த்தாள். “எழுதினா அக்கா கேட்டதும் எழுதணும். உங்களுக்குத் தெரியப்படாதுன்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க.”

“எனக்குத் தெரியும். அவ காது வழியா எல்லாம் கேட்டுட்டேன்.”

அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. இத்தனை வருடம் அதில் பாடம் படித்தவள், அவளும் அதை மறந்துதான் போயிருந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா கேட்டதுக்காக மட்டும் நான் சும்மா இருக்கல அண்ணாச்சி,” என்றாள் பிறகு. “அது பாதிதான். சார் கையெழுத்து இல்லாம எனக்குப் பட்டம் கிடையாது. அவர் நகருன்னாரு, நான் நகர்ந்தேன். அந்தக் கையைப் பத்தித் தெரிஞ்சும் நகர்ந்தேன். அதுக்கு ஒரு தண்டனை வேணும்னு தோணுச்சு. எதுக்குக் குடுத்தா என்னன்னு இருந்துட்டேன்.”

“நகராம இருந்திருந்தா?”

“அக்கா இருந்திருப்பாங்க.”

அவள் அதை அழாமல் சொன்னாள். ஆவுடையப்பனுக்கு அவளை மன்னிக்கவும் தோன்றவில்லை, வெறுக்கவும் தோன்றவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவியாக ஒரு வயதான பெண் மருத்துவர். ஒரு பக்கச் சுவரோரம் தளவாய். புகாரை வாசித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவி ஆவுடையப்பனைக் கேட்டார்.

“சொல்ல ஒண்ணுமில்லம்மா. கேக்கணும்.”

பிரதியைக் கொடுத்தார். எங்கிருந்து போடட்டும் என்று கேட்டார்கள். நடுவிலிருந்து போடச் சொல்லலாம், தோட்டையும் நூலையும் விட்டுவிடலாம் என்று வரும்போது நினைத்திருந்தார். கேட்டபோது, “முதல்லேருந்து” என்று சொல்லிவிட்டார். எதையாவது வெட்டினால் மற்றதையும் வெட்டியவன் என்று ஆகிவிடும்.

முன்பின் தெரியாத மூன்று பேர், திருகாணி கழலும் சத்தத்தைத் தலை குனிந்து கேட்டார்கள். தளவாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஜெனோவாவின் மூன்று மணி நேரத்தை வேகமாக ஓட்டினார்கள். துண்டு கேட்ட இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள்.

தலைவி மருத்துவமனையின் ஆபரேஷன் பதிவேட்டைப் புரட்டி வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

“எட்டு மாசம்னு அந்தம்மா சொல்றாங்க. அந்த எட்டு மாசத்துல டாக்டர் தளவாய் செய்த ஆபரேஷன் முப்பத்தேழு. அதுல பதினோரு பேருக்கு முகவாதமோ, காது முழுசாப் போனதோ, வேற பாதிப்போ இருக்கு. அதெல்லாம் நோயால வந்ததுன்னுதான் பதிவாகியிருக்கு. அந்த முப்பத்தேழுக்கும் செவிச்சுவடு உண்டுதானே?”

“உண்டு.”

“அதுல தியேட்டர்ல என்ன பேசினாங்க?”

“தெரியாதும்மா.”

“மூலம் இருக்குமே?”

“இல்ல. பேச்சை வெட்டினதும் அழிஞ்சிரும்.”

“வெட்டினது யாரு?”

ஜன்னல் பக்கம் நின்ற தளவாய் திரும்பிப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார் ஆவுடையப்பன். “துண்டு கேட்டிருப்பாங்க. இவ குடுத்திருப்பா. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கண்ணு முன்னால மலை மலையா நின்னுச்சு. நான் கேக்கல. கேக்காம வெட்டுததுதான் நேர்மைன்னு நெனச்சிருந்தேன்.”

தலைவி அதையும் எழுதிக்கொண்டார்.

தளவாய் இனி ஆபரேஷன் செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. அவர் கேள்வியகத்தை விட்டுப் போனார். இடம் போய்விடும் என்று சொன்னாரே, அது போகவில்லை. வேறொருவர் வந்தார், பிள்ளைகள் படித்தார்கள். ஜெனோவாவுக்கு, தெரிந்தும் நகர்ந்ததற்காக ஒரு வருடம் நிறுத்தம், பிறகு வேறு ஊரில் பயிற்சி. ஊருக்குப் போகும் முன் பட்டறைக்கு வந்து, வாசலில் நின்று, “வரேன் அண்ணாச்சி” என்றாள். “போயிட்டு வாங்க” என்றார்.

காரிடாரில் இருந்த வடிவின் படத்தை ஒருநாள் எடுத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று அவர் விசாரிக்கவில்லை. சுவரில் நான்கு ஆணித் துளை மட்டும் இருந்தது. தியேட்டர் சிஸ்டர்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ‘செத்தவளைக் காட்டிக் குடுத்துட்டாரே’ என்று லிஃப்டில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. பேச்சு வெட்டும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மூலங்களைப் பத்து வருடம் காப்பது என்று விதி வந்தது.

செய்தி வெளியான பிறகு பட்டறைக்கு ஆட்கள் வந்தார்கள். அச்சு எடுக்க வந்தவர்கள் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணிய ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். கண் மூட முடியாத ஒரு தகப்பனை மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். “எங்க அப்பா ஃபைல்ல என்ன சார் பேசினாங்க?” என்று கேட்டாள். அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தெரியாது என்று சொன்னார். ஏன் தெரியாது என்பதையும் சொன்னார். சிலர் திட்டினார்கள். அந்த ஆசிரியை மட்டும் கோணிய வாயைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

வடிவின் கோப்பை அவர் அதன்பின் கேட்கவில்லை. அவளிடம் கேட்கத் தோன்றிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: என்கிட்ட சொல்லியிருந்தா நான் வாக்கு வாங்கியிருப்பேனா? அதற்கு அந்தக் கோப்பில் பதில் கிடையாது.

மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. வடிவு போய் வருடம் திரும்பிய அன்று காலை அதை எடுத்துத் திறந்தார். இடது திருகாணியை அதன் தோட்டில் வைத்துத் திருகினார். இரண்டே திருகில் இறங்கியது. கழற்றினார். வலது திருகாணியை எடுத்து அந்த இடது தோட்டிலேயே வைத்துப் பார்த்தார்.

சேரவில்லை.